நூறாண்டு நிற்கட்டும்: கான்கிரீட்டின் ஆயுள் காக்கும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

ஒருமுறை வார்த்த கான்கிரீட் நூறாண்டு நிற்க வேண்டும். முப்பது ஆண்டில் உதிர்ந்து, நாற்பது ஆண்டில் இடிபட்டு, மறுபடியும் மலையை வெட்டி, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, ஆற்றையும் பாறையையும் அள்ளி, அதே இடத்தில் அதே கட்டடத்தை எழுப்புவதை வளர்ச்சி என்று நாங்கள் ஏற்கவில்லை. அது அடுத்த தலைமுறையின் பெயரில் நாம் வாங்கும் கடன். அந்தக் கடனை நிறுத்தவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் கட்டடப் பொறியாளர்கள். மேஸ்திரிகள், கொத்தனார்கள், கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் அடிப்போர், சித்தாள்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரே ஒரு வீடு கட்டியவர்கள். விரிசல் விட்ட கூரையின் கீழ் பிள்ளைகளைத் தூங்க வைப்பவர்கள். பொறியியல் கற்பிப்பவர்கள், கற்பவர்கள். எங்களை ஒன்றுசேர்த்தது ஒரே நம்பிக்கை: சூழலைக் காக்கும் கான்கிரீட் எது என்றால், திரும்பப் போடத் தேவைப்படாத கான்கிரீட்தான்.

நாங்கள் காண்பது

எண்ணூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோர ஊர்கள் எதில் நடந்தாலும் தலைக்கு மேல் ஒரே காட்சி. சன்ஷேடின் அடிப்பகுதி பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரிகிறது. தண்ணீர்த் தொட்டியின் தூண்களில் கம்பி போன வழியிலேயே நெடுக விரிசல் ஓடுகிறது. பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்த இடத்தில் புதுப் பூச்சு பூசுகிறார்கள். சில மழைக்காலம் போனதும் அதுவும் விழுகிறது. “சிமெண்ட் உதிருது” என்று வீட்டுக்காரர் சொல்கிறார். உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்பு ஒன்றின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கேடு அன்று. கோவாவின் மாண்டோவி ஆற்றுப் பாலம், உள்ளிருந்த எஃகு வடங்கள் அரிக்கப்பட்டு, 1986 ஜூலையில் விழுந்தபோது அதற்கு ஏறத்தாழப் பதினைந்து வயது. 1967-இல் திறக்கப்பட்ட இத்தாலியின் ஜெனோவா நகர மொராண்டிப் பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று சரிந்து 43 பேர் இறந்தனர். அமெரிக்காவின் சர்ஃப்சைடில், 1981-இல் கட்டிய கடலோர அடுக்ககம் 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் விழுந்தது. 98 பேர் மாண்டனர். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர் வடியாமல் நின்று கான்கிரீட் கெடுவதை 2018-ஆம் ஆண்டு ஆய்வறிக்கையே எழுதியிருந்தது. எச்சரிக்கை கையில் இருந்தும் பழுதுபார்ப்பு வந்து சேரவில்லை.

கான்கிரீட் ஏன் சாகிறது

நல்ல கான்கிரீட்டின் உட்புறம் கடும் காரம் உடையது. அதன் பி.எச். அளவு 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உருவாகிறது. படலம் இருக்கும்வரை துரு பிடிக்காது. அதற்குப் பகை இரண்டு. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது, பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கியதும் படலம் அழிகிறது. மற்றொன்று, கடற்காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் வரும் குளோரைடு. காரம் குறையாத கான்கிரீட்டிலும் அது படலத்தைத் துளைத்துவிடும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கான்கிரீட் பிளக்கிறது. பிளவு வழியே இன்னும் உப்பும் ஈரமும் நுழைகின்றன.

ஆக, ஒரு கட்டடத்தின் ஆயுள் கம்பிக்கு வெளியே உள்ள சில சென்டிமீட்டர் கான்கிரீட்டில், அதாவது கவரில், இருக்கிறது. இங்கே ஓர் எளிய கணக்கை ஒவ்வொரு மேஸ்திரியும் வீட்டுக்காரரும் அறிய வேண்டும். கரியமில வாயு உள்ளே இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. கவர் 20 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனால் அது கம்பியைத் தொட எடுக்கும் காலம் நான்கு மடங்காகிறது. 20 என்று வரைபடத்தில் எழுதிவிட்டு 10 மட்டும் கிடைத்தால் காலத்தில் கால் பங்குதான் மிஞ்சும். நம் வேலை இடங்களில் நடப்பது இந்த இரண்டாவதுதான். கம்பியைப் பலகையிலிருந்து விலக்கித் தாங்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகுகிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் நடந்து மிதிக்க, துண்டு நழுவி, கம்பி பலகையில் படுகிறது. சில ரூபாய்ப் பொருள் இல்லாததால் ஒரு வீடு தன் ஆயுளில் முக்கால் பங்கை முதல் நாளே இழக்கிறது.

அடுத்தது தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 22 முதல் 25 லிட்டர் தண்ணீர் போதும். கலவை இளக்கமாக இருந்தால் ஓடும், வேலை சீக்கிரம் முடியும் என்று 35 லிட்டர் வரை ஊற்றுகிறார்கள். ரெடி மிக்ஸ் லாரி வந்து நின்ற பிறகும் குழாயைத் திறக்கிறார்கள். மிகுதித் தண்ணீர் ஆவியாகிப் போகும். போன வழியெல்லாம் நுண்துளையாக நிற்கும். பிறகு அந்தத் துளைகள் வழியேதான் உப்பு நுழைகிறது.

மூன்றாவது, வைப்ரேட்டர் சரியாகப் போடாததால் தூணின் அடியில் வரும் தேன்கூடு போன்ற பொந்துகள். நான்காவது, வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைக்கும் க்யூரிங். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். தூணுக்குச் சாக்கு சுற்றி, காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று மூன்று நாள் ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். வெளிப்புறத் தோல்தான் முதலில் காய்கிறது. கம்பியைக் காக்க வேண்டியதும் அதே தோல்தான்.

சூழல் கொடுக்கும் விலை

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இது வேதியியல் விதி. சூளையைச் சூரிய ஒளியால் எரித்தாலும் இந்த 44 கிலோ குறையாது. ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்துக்கு எரிக்கும் நிலக்கரி இதற்கு மேல். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது.

அரியலூரில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தது. அதில் இன்றும் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அத்தனை காலம் எடுத்து உருவானதை வெட்டி, முப்பது ஆண்டில் இடிபாடாக்கி ஏரிக்கரையில் கொட்டுகிறோம்.

இன்று பசுமைக் கட்டடம் என்று பேசுவோர் பலரும் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிக் கேள்வி. அனல்மின் நிலையச் சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட் 320 கிலோ கொண்ட ஒரு கன மீட்டர் கான்கிரீட், சிமெண்டால் மட்டுமே சுமார் 270 கிலோ கரியமில வாயுவைச் சுமக்கிறது. அது 30 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 9 கிலோ. 100 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 2.7 கிலோ. புதிய தொழிற்சாலையோ புதிய கண்டுபிடிப்போ இல்லாமல், கவரும் தண்ணீரும் சரியாக இருந்தாலே இந்தக் குறைப்பின் பெரும்பகுதி கிடைத்துவிடும். கம்பியும் மணலும் ஜல்லியும் லாரி டீசலும் மிச்சமாவதை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவே இல்லை.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. 1984-இல் டி சிட்டர் என்ற பொறியாளர் ‘ஐந்தின் விதி’ என்று ஒன்றை முன்வைத்தார். கட்டும்போது ஒரு ரூபாயில் முடியும் காரியம், துரு தொடங்கும் முன் பராமரிப்பில் 5 ரூபாய் கேட்கும். ஆங்காங்கே துரு வந்தபின் 25. எங்கும் பரவியபின் 125. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏணியின் மேல்படிகள் நன்றாகவே தெரியும்.

முடியும் என்பதற்குச் சான்று

மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகத்தில், 1937-க்கும் 1941-க்கும் இடையே, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்து ஒரு நீண்ட கடற்பாலத் துறை கட்டினார்கள். வெப்பமண்டலக் கடலில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அது நிற்கிறது. அதன் அருகே பிற்காலத்தில் சாதாரணக் கம்பியால் கட்டிய துறை அரித்து அழிந்துபோனது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் சைவர்கள் எழுப்பிய இறைவன் கோவிலை வடிவமைத்தவர் நம் வை. கணபதி ஸ்தபதி. கருங்கல் கோவில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்றால் அதன் அடித்தளமும் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் அல்லவா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா அதற்கு வழி சொன்னார். 1999-இல் வார்த்த அந்த அடித்தளத்தில் இரும்புக் கம்பியே கிடையாது. சிமெண்டுப் பொருளில் பாதிக்கும் மேல் அனல்மின் நிலையச் சாம்பல். மெல்ல இறுகும் கலவை, குறைந்த வெப்பம், குறைந்த விரிசல். அவசரப்படாத கான்கிரீட்தான் நீண்ட நாள் வாழும் என்பது மேத்தா வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய பாடம்.

நம் ஊரிலேயே அறிவு இருக்கிறது. காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பி அரிப்பைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பாம்பன், மண்டபம் கடற்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று அளந்து சொன்னவர்கள் அவர்கள். கம்பிக்குப் பூசும் சிமெண்டுக் கலவைப் பூச்சையும் உருவாக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில், சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த புதிய சிமெண்டின் ஆயுள் ஆராயப்பட்டிருக்கிறது. அதில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கர் ஏறத்தாழப் பாதிதான். குளோரைடு எளிதில் நுழையாது. 2023-இல் அதற்கு இந்தியத் தர விதியும் வந்துவிட்டது. அறிவுக்குக் குறைவில்லை, அது சாரம் ஏறி வேலை இடத்துக்கு வரவில்லை.

எங்கள் கொள்கைகள்

1. ஆயுளே முதல் அளவுகோல். எந்தக் கான்கிரீட்டையும் அது நிற்கப்போகும் ஆண்டுகளால் வகுத்துத்தான் மதிப்பிடுவோம். விலையையும் கரியமில வாயுவையும் அப்படியே.

2. வலிமை வேறு, ஆயுள் வேறு. “53 கிரேடு இருக்கா?” என்று கேட்டு வாங்குவதோடு பொறுப்பு முடிந்துவிடாது. சீக்கிரம் இறுகும் சிமெண்ட் அதிக வெப்பத்தையும், கவனிக்காவிட்டால் அதிக விரிசலையும் தரும். சிமெண்டைக் கூட்டிப் போட்டால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். தேவைக்கு மேல் போட்ட சிமெண்ட் சுருங்கிப் பிளக்கும்.

3. இடத்துக்கு ஏற்ற கலவை. கடற்காற்று நேரே படும் கட்டடத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 சொல்வது குறைந்தது எம் 30 கான்கிரீட், நீர்–சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கவர் 45 மில்லிமீட்டர். கடல்நீர் தெறிக்கும் இடத்தில் 50, அலை ஏறி இறங்கும் இடத்தில் 75. கடலோரத்தில் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்ட் உப்பைத் தடுப்பதில் சிறந்தது. ஆனால் அதற்கு நீண்ட க்யூரிங் வேண்டும். அரைகுறையாக விட்டால் கரியமில வாயு அதில் எளிதாக இறங்கும். இதை மறைத்துவிட்டு எந்தச் சிமெண்டையும் நாங்கள் புகழ மாட்டோம்.

4. உப்புத் தண்ணீர் கூடாது. கலவைக்கும் க்யூரிங்குக்கும் ஊற்றும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டரில் 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை. கடலோர ஆழ்குழாய்க் கிணறுகளை இதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது.

5. பத்து நாள் ஈரம். விதிப்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். கலப்புச் சிமெண்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் குறைந்தது 10 நாள். கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் நல்லது. எங்கள் வேலை எதிலும் பத்து நாளுக்குக் குறையாது.

6. தண்ணீர் தேங்கவிடாத வடிவம். மாடிக்குச் சரிவு, சன்ஷேடின் அடியில் நீர் ஓடாமல் சொட்டவைக்கும் பள்ளம், அடைபடாத மழைநீர்க் குழாய். இவையும் ஆயுளின் உறுப்புகள்.

7. பழுது பார்த்தலே முதல் தெரிவு. விரிசலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது முதல், துருவைச் சுரண்டி எடுத்துக் கம்பியைக் காத்து முறையாக ஒட்டுப் போடுவது வரை, எல்லாம் செய்து பார்த்த பிறகே இடிப்பதைப் பற்றிப் பேசலாம்.

8. உழைப்புக்கு மரியாதை. கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை கவர் பிளாக் கட்டும் கையும் தண்ணீர் விடும் கையும்தான். ஆனால் க்யூரிங் செலவு கான்கிரீட் விலைக்குள்ளேயே அடக்கம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதனால் அது யாருடைய வேலையும் இல்லாமல் போகிறது. அதைச் செய்யும் சித்தாளுக்கு, பெரும்பாலும் பெண்ணுக்கு, தனிக் கூலி இல்லை, பயிற்சி இல்லை, பெயரும் இல்லை. இந்த அநீதி தீராமல் கான்கிரீட்டின் ஆயுள் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

அரசும் உள்ளாட்சிகளும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் கட்டடத்தின் ஆயுளை ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டும். பாலங்களுக்கும் கடலோரப் பொதுக் கட்டடங்களுக்கும் அது நூறு ஆண்டு. குறைந்த விலைப்புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நூறாண்டுப் பராமரிப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வார்த்து முடித்த கான்கிரீட்டில் கம்பியின் கவரைக் கருவியால் அளக்க வேண்டும். குளோரைடு ஊடுருவல் சோதனை செய்ய வேண்டும். இரண்டிலும் தேறிய பிறகே பணம் விடுவிக்க வேண்டும். இன்று 28-ஆம் நாள் கான்கிரீட் மாதிரிக் கனசதுரத்தை உடைத்துப் பார்ப்பதோடு சோதனை நின்றுவிடுகிறது. அந்தக் கனசதுரம் தொட்டித் தண்ணீரில் நன்றாக நனைந்தது. தூண் நனைந்ததா என்று அது சொல்லாது.

எஸ்டிமேட்டில் க்யூரிங் தனி இனமாக, தனிக் கூலியோடு இடம்பெற வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, கடலோரத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பொறியாளர்கள் ஆராய வேண்டும். அறிக்கையை அங்கே குடியிருப்போர் படிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு பொதுக் கட்டடத்தின் வாசலிலும் திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கலவை, கவர், க்யூரிங் நாட்கள், கட்டியவர் பெயர், பொறுப்பேற்ற பொறியாளர் பெயர், எதிர்பார்க்கும் ஆயுள் ஆகியவை பொறிக்கப்பட வேண்டும்.

மேட்டூர், தூத்துக்குடி, எண்ணூர் அனல்மின் சாம்பல் நீர்நிலைகளில் சேர்வதை நிறுத்தி, தரம் பிரித்து, நல்லதைக் கான்கிரீட்டுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பல் மூடியதை அங்குள்ள மீனவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். நிலக்கரி ஒருநாள் நிற்கும், சாம்பலும் அதோடு நிற்கும். ஆகவே சுட்ட களிமண் சிமெண்டை இப்போதே சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்.

தவிர்க்க முடியாமல் இடித்த கான்கிரீட்டை நொறுக்கித் திரும்பப் பயன்படுத்த வேண்டும். கட்டட இடிபாட்டு விதிகள் காகிதத்தில் உறங்கக் கூடாது.

எங்கள் உறுதிமொழி

நாங்கள் கையெழுத்திடும் வரைபடத்தில் கவர் அளவு இல்லாமல் எந்தக் கம்பியும் இருக்காது. கவர் பிளாக் இல்லாமல் கான்கிரீட் கொட்ட அனுமதிக்க மாட்டோம். லாரி வாசலில் காத்து நின்றாலும் சரி. வேலை ஓட வேண்டும் என்பதற்காகக் கலவையில் தண்ணீர் சேர்க்க மாட்டோம். இளக்கம் வேண்டுமானால் அதற்குரிய ரசாயனத்தை அளந்து சேர்ப்போம். குறித்த நாளுக்கு முன் முட்டுகளைப் பிரிக்க மாட்டோம். தேன்கூட்டைக் கண்டால் பூச்சால் மறைக்க மாட்டோம். கற்றதை வேலை இடத்திலேயே, வேலை செய்பவர் பேசும் மொழியில் சொல்லிக்கொடுப்போம். வெளிமாநிலத்திலிருந்து வந்து நம் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்களுக்கும் அவர்கள் மொழியில் சொல்வோம். குறைவாகக் கட்டினால் போதும் என்ற இடத்தில் குறைவாகக் கட்டுவோம். நிற்கும் கட்டடத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் புதிய வேலையின் லாபத்தை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றுவோம்.

அழைப்பு

வீடு கட்டுகிறவர்களே, உங்கள் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் விருந்து சமைப்பதற்கு முன் மாடிக்கு ஏறுங்கள். கம்பிக்கு அடியில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் வேலையை நிறுத்துங்கள். அது உங்கள் உரிமை. பத்து நாள் தண்ணீர் விடும் ஆளுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். உங்கள் வீட்டுச் செலவிலேயே அதிகப் பலன் தரும் செலவு அதுதான்.

மேஸ்திரிகளே, கொத்தனார்களே, கம்பி கட்டும் தோழர்களே, உங்கள் கைவேலை உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்குத் தேவையான நேரத்தையும் பொருளையும் கேட்டு வாங்குங்கள். நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

பொறியாளர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே, வலிமையைக் கணக்கிடக் கற்ற நாம் ஆயுளையும் கணக்கிடக் கற்போம்.

குடியிருப்பு மக்களே, உங்கள் கூரையில் விரிசலைக் கண்டால் பூச்சு பூசி மறைக்க விடாதீர்கள். எழுதிக் கொடுங்கள், பதில் வாங்குங்கள், எங்களையும் அழையுங்கள்.

அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளை காலை வார்க்கப்போகும் தூணில் இருந்தே தொடங்கலாம். சரியான கவர், அளவான தண்ணீர், நன்றாக இறுக்கிய கலவை, பத்து நாள் ஈரம்: இந்த நான்கையும் ஒவ்வொரு வேலை இடத்திலும் நிலைநாட்ட எங்களோடு சேருங்கள்.